அடித்தது போக மிஞ்சும் குதிரை

எட்டுப் பந்தயம் உள்ள நாளில் எட்டிலும் ஜெயிக்கும் குதிரையைத் தேடுகிறவர் ஒன்றைக்கூட உருப்படியாகப் படித்திருக்க மாட்டார். கிண்டியில் எனக்கு ரேஸ் புத்தகம், அதாவது அன்றைய பந்தயங்களையும் குதிரைகளின் விவரங்களையும் அச்சிட்ட புத்தகம், படிக்கக் கற்றுக்கொடுத்த பெரியவர் சிவப்பு மைப் பேனா இல்லாமல் வரமாட்டார். அவர் குதிரையைத் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததில்லை, பெயர்களைக் கோடு போட்டு அடித்துக்கொண்டேதான் இருப்பார். முதலில் பந்தயங்களை அடிப்பார், பிறகு குதிரைகளை அடிப்பார். "மிஞ்சுவது எதுவோ அதுதான் தம்பி நம் குதிரை. எதுவும் மிஞ்சவில்லையா, காப்பி சாப்பிட்டுவிட்டு வேடிக்கை பார்" என்பார்.

வேலை நிமித்தமாகப் பெங்களூர் வந்த பிறகும் அந்தப் பழக்கம் கூடவே வந்துவிட்டது. இங்கே பந்தய மைதானம் ஊரின் நடுவில், ரேஸ் கோர்ஸ் ரோட்டிலேயே இருக்கிறது. நவம்பர் வாக்கில் தொடங்கும் குளிர்காலப் பருவம் ஒன்று, மே மாதம் தொடங்கும் கோடைப் பருவம் ஒன்று. கோடைப் பருவம் முடிந்ததும் கவனம் மைசூருக்குப் போய்விடும். பொது அரங்கில் தமிழ் கேட்காத மூலை கிடையாது. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று அடுத்தவரிடம் கேட்காத மூலையும் கிடையாது. நான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, பதில் சொல்வதும் இல்லை. ஒரு நாளின் பந்தயங்களை நான் படிக்கும் விதத்தை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வேலை முந்தின நாள் இரவே தொடங்குகிறது. மைதானத்தில் ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அரைமணி நேரம்தான் இருக்கும். அதற்குள் புத்தகத்தைப் புரட்டி, விலைப் பலகையை (எந்தக் குதிரை ஜெயித்தால் எத்தனை மடங்கு பணம் என்று காட்டுவது) பார்த்து, நண்பர் சொல்வதையும் காதில் வாங்கி முடிவெடுப்பது நடக்காத காரியம். ஆகவே வீட்டில் உட்கார்ந்து முதல் சுற்று. இந்தச் சுற்றில் குதிரைகளின் பெயரைக்கூடப் படிப்பதில்லை. எந்தப் பந்தயங்களைத் தொடக்கூடாது என்பதை மட்டும் பார்க்கிறேன்.

முதலில் அடிபடுவது, இதுவரை ஓடாத இளங்குதிரைகள் நிறைந்த பந்தயம். அவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்தது தாய் தந்தை பெயரும் ஒன்றிரண்டு காலைப் பயிற்சி நேரங்களும்தான். தினமும் அந்தக் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டும் லாயக்காரருக்குத் தெரிந்ததில் நூற்றில் ஒரு பங்குகூட நமக்குத் தெரியாது. அந்தப் பந்தயத்தில் பணம் திடீரென்று ஒரு குதிரையின் மேல் விழும், விலை சரியும், கூட்டம் பின்னால் ஓடும். ஓடட்டும்.

அடுத்து அடிபடுவது கடைசி வகுப்பு. பூஜ்யத்தில் தொடங்கி இருபது சொச்சம் வரை ரேட்டிங், அதாவது தர எண், உள்ள குதிரைகள் அங்கே ஓடுகின்றன. வயதானவை, காலில் பழைய வலி உள்ளவை, ஓடப் பிடிக்காதவை. போன வாரம் ஓடியதுபோல இந்த வாரம் ஓடும் என்று அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. அதன் பிறகு பதினான்கு குதிரைகள் நெருக்கியடித்து ஓடும் 1000, 1100 மீட்டர் பந்தயங்கள். ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்; கதவு திறக்கும் நொடியில் தலையைத் திருப்பிக்கொண்டிருந்த குதிரைக்கு மீள்வதற்கு இடமில்லை. டெர்பி போன்ற 2400 மீட்டர் பெரும் பந்தயங்கள் பார்ப்பதற்கு அருமையானவை. ஆனால் அவற்றில் நல்ல குதிரை எது என்பது ஊருக்கே தெரிந்திருக்கும், விலையும் அதற்கேற்ப ஒன்றுமில்லாமல் இருக்கும்.

இப்படி அடித்தது போக, 1400 அல்லது 1600 மீட்டர் தூரத்தில், நடு வகுப்பில், எட்டிலிருந்து பன்னிரண்டு குதிரைகள் வரை ஓடும் இரண்டு பந்தயங்கள் மிஞ்சினால் அது நல்ல நாள். எல்லாக் குதிரைக்கும் வரலாறு இருக்கும். படிப்பதற்கு ஏதாவது இருக்கும்.

புதிதாகப் புத்தகம் வாங்குகிறவரின் கண் முதலில் போவது, குதிரை போன தடவை எத்தனையாவதாக வந்தது என்ற எண்ணுக்கு. நான் அதைக் கடைசியில் பார்க்கிறேன். முதலில் ரேட்டிங், அதை ஒட்டி எடை. நம் நாட்டில் பெரும்பாலான பந்தயங்கள் ஹேண்டிகேப் முறையில் நடப்பவை. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் ஓட்டத்தைப் பார்த்து ஹேண்டிகேப்பர் ஓர் எண் தருகிறார். ஜெயித்தால் ஏற்றுவார், தொடர்ந்து பின்தங்கினால் இறக்குவார். 20 முதல் 45 வரை ஒரு வகுப்பு, 40 முதல் 65 வரை அடுத்த வகுப்பு என்று அடுக்கு போகும். வகுப்புக்குள் ஒரு புள்ளிக்கு அரை கிலோ வீதம் எடை கூடும். நல்ல குதிரை முதுகில் அதிகம் சுமக்கும், சுமாரான குதிரை குறைவாகச் சுமக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் வெற்றிக் கம்பத்துக்கு வரவேண்டும் என்பது அந்த அதிகாரியின் கனவு. அந்தக் கனவில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவதுதான் நம் வேலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு வகுப்பிலும் உச்ச எடை 62 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கீழ் வகுப்பில் 41 ரேட்டிங் உள்ள குதிரை 60 கிலோ சுமந்து ஜெயிக்கிறது. அதற்கு எட்டுப் புள்ளி ஏற்றுகிறார்கள். ரேட்டிங் 49 ஆகிறது, இனி மேல் வகுப்பில்தான் ஓடவேண்டும். அங்கே 65 ரேட்டிங் உள்ள குதிரை 62 கிலோ சுமந்தால், நம் குதிரைக்கு வருவது 54 கிலோ. கூட்டம் என்ன நினைக்கும்? வகுப்பு ஏறிவிட்டது, எதிரிகள் பலமானவர்கள், இது தாங்காது என்று நினைக்கும். குதிரைக்கோ போன தடவையைவிட ஆறு கிலோ குறைந்திருக்கிறது. இதனால் மட்டும் அது ஜெயித்துவிடாது. அந்த எட்டுப் புள்ளிக்கு மேலும் அதனிடம் சரக்கு இருக்கிறதா என்பதே கேள்வி. அதற்குப் பதில் போன வெற்றி எப்படி வந்தது என்பதில் இருக்கிறது. கடைசி நூறு மீட்டரில் ஜாக்கி சவுக்கைத் தொடாமல் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாரா, அல்லது உயிரைக் கொடுத்து அரைக் கழுத்து வித்தியாசத்தில் ஜெயித்தாரா? முதல் வகை என்றால் பேனா அந்தப் பெயரின் மேல் போகாது.

வகுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிந்திருப்பதையும் கவனிக்கவேண்டும். 44 ரேட்டிங் உள்ள குதிரையை டிரெயினர் கீழ் வகுப்பில் 61.5 கிலோவோடும் ஓட்டலாம், மேல் வகுப்பில் 51.5 கிலோவோடும் ஓட்டலாம். இரண்டுக்கும் இடையே பத்துக் கிலோ. எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது டிரெயினர் வாயைத் திறக்காமல் நமக்குச் சொல்லும் செய்தி. நல்ல எலும்பும் அகன்ற மார்பும் உள்ள குதிரை எடையைப் பொருட்படுத்தாது. அதைக் கீழ் வகுப்பில் நிறுத்தினால் ஜெயிக்கத்தான் வந்திருக்கிறார். ஒல்லியான பெட்டைக் குதிரையை 61 கிலோவோடு அனுப்பினால் எனக்குச் சந்தேகம் வரும்.

எடையை தூரமாக மாற்ற ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. 1000 மீட்டர் ஓட்டத்தில் ஒரு லெங்த், அதாவது ஒரு குதிரை நீளம், சுமார் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோவுக்குச் சமம். மைல் தூரத்தில், அதாவது 1600 மீட்டரில், ஏறக்குறைய ஒரு கிலோ. ஒன்றரை மைலுக்கு முக்கால் கிலோகூட வேண்டாம். தூரம் கூடக் கூட எடை கடிக்கும். போன மாதம் 1600 மீட்டரில் ஒரு குதிரை இன்னொன்றிடம் இரண்டு லெங்த்தில் தோற்றது, இப்போது அதே தூரத்தில் நான்கு கிலோ சாதகமாக எதிர்கொள்கிறது என்றால் காகிதத்தில் இது இரண்டு லெங்த் முன்னால் வரவேண்டும். குதிரைக்குக் காகிதம் படிக்கத் தெரியாது, இருந்தாலும் தொடங்குவதற்கு இது நல்ல இடம்.

காலைப் பயிற்சிக் குறிப்புகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆங்கில நாளிதழ்களில் வரும். வெளி மணல் பாதை, உள் மணல் பாதை, 1000 மீட்டருக்கு இத்தனை, கடைசி 600 மீட்டருக்கு இத்தனை விநாடி, பக்கத்தில் 'சுலபமாக ஓடியது', 'நல்ல நிலையில் உள்ளது' என்ற பாணியில் ஒரு வரி. அந்த ஒரு வரியை நான் படிப்பதில்லை. எல்லாக் குதிரையும் அதில் நன்றாகத்தான் இருக்கும். ஒரு குதிரையின் நேரத்தை இன்னொரு குதிரையின் நேரத்தோடு ஒப்பிடுவதும் வீண். காலையில் அதன் மேல் உட்கார்ந்திருந்தவரின் எடை அங்கே அச்சாவதில்லை. அதே குதிரை, போன தடவை ஜெயிப்பதற்கு முந்தைய வாரம் என்ன நேரம் எடுத்தது, இப்போது என்ன நேரம் எடுத்திருக்கிறது என்பதுதான் பயன்படும் ஒப்பீடு. வழக்கமாக 600 மீட்டரை 44 விநாடியில் சாவகாசமாக முடிக்கும் குதிரையை இந்த வாரம் 39 விநாடியில் விரட்டியிருந்தால் ஏதோ நோக்கம் இருக்கிறது. பந்தய ஜாக்கியே காலையில் வந்து ஏறியிருந்தால் இன்னும் ஒரு புள்ளி. நான்கு மாத ஓய்வுக்குப் பிறகு வரும் குதிரைக்கு இவை எதுவும் இல்லாவிட்டால் கோடு போட்டுவிடுகிறேன். பல லாயங்கள் முதல் ஓட்டத்தை உடம்பைத் தேற்றுவதற்காகவே ஓட்டுகின்றன.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பந்தயம் எப்படி ஓடப்படும் என்று மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு குதிரையின் பெயருக்குப் பக்கத்திலும் ஓரத்தில் ஓர் எழுத்து எழுதுகிறேன். முன்னால் பாய்ந்து ஓடுவதற்கு 'மு', நடுவில் காத்திருப்பதற்கு 'ந', பின்னாலிருந்து கடைசியில் வருவதற்கு 'பி'. பத்துக் குதிரையில் ஒரே ஒரு 'மு' இருந்தால் அந்தக் குதிரையை எக்காரணம் கொண்டும் அடிக்கக்கூடாது. யாரும் தொல்லை தராமல் தன் இஷ்டத்துக்கு வேகத்தை வைத்துக்கொண்டு போய்விடும், மற்றவர்கள் விழித்துக்கொள்ளும்போது வெற்றிக் கம்பம் வந்துவிடும். மூன்று 'மு' இருந்தால் அவை ஒன்றையொன்று தின்றுவிடும். 'பி' எழுதியவற்றில் சரக்குள்ளது எது என்று பார்க்கவேண்டும்.

இதோடு டிராவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும், அதாவது தொடக்கக் கதவில் எந்தக் கட்டம் என்பதையும். பெங்களூர்ப் பாதை சமதளம் அல்ல, ஏற்ற இறக்கம் உள்ளது, திருப்பங்களும் இறுக்கமானவை. வெளிக் கட்டத்தில் நிற்கும் குதிரை திருப்பத்தில் இரண்டு மூன்று குதிரை அகலம் வெளியே சுற்றிவந்தால் அந்தக் கூடுதல் தூரத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். புல் தேய்ந்த உள்பகுதி ஆறட்டும் என்பதற்காகச் சில வாரங்களில் உள்வேலியைச் சில மீட்டர் வெளியே தள்ளி வைப்பார்கள். பொய்வேலி என்று நாங்கள் சொல்வோம். பொய்வேலி இருக்கும் நாளில் முன்னால் ஓடும் குதிரைகளுக்குச் சாதகம் கூடுகிறது என்பது என் அனுபவம். அறிவிப்பு ஒரு மூலையில் சின்ன எழுத்தில் வரும், எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுங்கள்.

ஜாக்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய பெயர்கள் உண்மையிலேயே திறமைசாலிகள். சூரஜ் நாரேடு ஏறும் குதிரை திருப்பத்தில் எங்கே இருக்கும் என்பதைப் பார்ப்பதே ஒரு பாடம். ஆனால் அந்தப் பெயர் புத்தகத்தில் அச்சானதுமே குதிரையின் விலை பாதியாகிவிடுகிறது. திறமைக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டோம் என்று அர்த்தம். எனக்கு ஆர்வமூட்டுவது ஜாக்கி மாற்றம். மூன்று ஓட்டமாகப் பயிற்சி ஜாக்கி ஏறிக்கொண்டிருந்த குதிரைக்குத் திடீரென்று அனுபவசாலி கிடைத்தால், ஏன் இப்போது என்று யோசிக்கிறேன்.

இனி மைதானம். பந்தயத்துக்கு முன் குதிரைகளைப் பேடக் என்னும் வேலியிட்ட வட்டத்தில் சுற்றி நடத்துவார்கள். பலர் அந்த நேரத்தில் கிளப்பே பணம் வாங்கும் டோட் ஜன்னலில் வரிசையில் நிற்பார்கள், அல்லது விலை சொல்லிப் பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளின் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் வேலியோரம் நின்றுவிடுவேன். குதிரை நடக்கும்போது பின்னங்கால் எங்கே விழுகிறது என்று பாருங்கள். முன்னங்கால் குளம்பு பதித்த தடத்தைத் தாண்டி நன்றாக முன்னால் விழுந்தால் உடம்பு தளர்வாக, வலியில்லாமல் இருக்கிறது. குட்டை அடி வைத்து நடந்தால் எங்கோ இறுக்கம். பின்தொடைகளுக்கு நடுவே சோப்பு நுரை போல வெள்ளையாக வியர்வை இருக்கிறதா என்று பாருங்கள். கிண்டியில் மதிய வெயிலில் வியர்க்காத குதிரையைத்தான் சந்தேகிக்கவேண்டும் என்பார் பெரியவர். பெங்களூரில் டிசம்பர் மாதக் குளிரில் அப்படி நுரைத்தால் அது படபடப்பு. ஓடுவதற்கு முன்பே பாதி ஓட்டத்தை ஓடி முடித்துவிட்டது. காதுகள் முன்னோக்கி நிமிர்ந்து, பிடித்து நடத்துகிறவரை லேசாக இழுத்துக்கொண்டு வரும் குதிரை எனக்குப் பிடிக்கும். தன்னை இரண்டு பேர் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும்படி செய்யும் குதிரை பிடிக்காது. முதல் முறையாகக் கண்மறைப்பு போட்டிருக்கிறார்களா என்பதையும் பார்க்கிறேன். கவனம் சிதறும் குதிரையை அது ஒரேயடியாக மாற்றிவிடுவதும் உண்டு.

ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை. 1400 மீட்டர், 20 முதல் 45 வரை வகுப்பு, பத்துக் குதிரைகள். மூன்று 'மு' எழுதியிருந்தேன். ஃபேவரிட், அதாவது கூட்டம் அதிகம் பணம் போடும் குதிரை, அந்த மூன்றில் ஒன்று, மேலே 61 கிலோ. ஏழாம் எண் குதிரை 'பி', 54 கிலோ. இரண்டு ஓட்டம் முன்பு கடைசித் திருப்பத்தில் உள்வேலியோரம் அடைபட்டு நான்காவதாக வந்தது. முன்னால் மூன்றும் மோதிக்கொள்ளும், ஏழு பின்னாலிருந்து வந்து பறிக்கும் என்று ஓரத்தில் எழுதிவைத்தேன். பேடக்கில் ஏழாம் எண் தூங்குவதுபோல நடந்துவந்தது. பக்கத்தில் நின்ற ஒரு தமிழர், "அண்ணே, இது நடக்கவே யோசிக்கிறதே, ஓடுமா?" என்றார். பலகையில் ஐந்துக்கு ஒன்று, அதாவது ஒரு ரூபாய் போட்டு ஜெயித்தால் ஐந்து ரூபாய் லாபம்.

கதவு திறந்ததும் மூன்று 'மு'வில் ஒன்று உள்ளேயே நின்று தாமதமாகக் கிளம்பியது. இன்னொன்றை அதன் ஜாக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டார். மோதல் நடக்கவே இல்லை. ஃபேவரிட் தனியாக முன்னால், மிக மெதுவான வேகத்தில். அந்த வேகத்தில் 'பி' குதிரைக்கு வாழ்வே இல்லை. ஏழாம் எண் ஜாக்கி அதைப் பார்த்தாரோ உணர்ந்தாரோ, பாதி வழியிலேயே குதிரையை வெளியே எடுத்து மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். கடைசி இருநூறு மீட்டரில் ஏழு கிலோ வித்தியாசம் பேசியது. முக்கால் லெங்த்தில் ஏழாம் எண் ஜெயித்தது.

பக்கத்திலிருந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் 'குதிரை சரி, காரணம் தவறு' என்று எழுதினேன். இந்தக் குறிப்பேட்டில் வெற்றி, தோல்வி என்ற இரண்டு பத்திகள் மட்டும் இருந்தால் அது டைரி. காரணத்துக்கு ஒரு பத்தி இருந்தால்தான் அது பாடப் புத்தகம். நான் சொன்ன காரணத்துக்காகத் தோற்காத குதிரையும், நான் சொன்ன காரணத்துக்காக ஜெயிக்காத குதிரையும் என் கணக்கில் ஒன்றுதான். தொடர்ந்து எழுதியதில் ஒன்று தெளிவானது. எடைக் கணக்கில் என் கணிப்பு ஓரளவு தேறும். வேகக் கணிப்பு பாதிக்குப் பாதி. ஆகவே வேகத்தை நம்பி மட்டும் ஒரு குதிரையை நான் எடுப்பதில்லை.

இப்போது விலை. ஜெயிக்கக்கூடிய குதிரையைக் கண்டுபிடிப்பது ஒரு கலை, அதன் விலை நியாயமானதா என்று பார்ப்பது முற்றிலும் வேறு கலை. இரண்டாவது தெரியாதவர்கள் முதலாவதில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பர்ஸ் காலியாகத்தான் வெளியே வருவார்கள். ஒன்றுக்கு ஒன்று என்ற விலை ஐம்பது சதவீத வாய்ப்பைச் சொல்கிறது. இரண்டுக்கு ஒன்று என்றால் முப்பத்துமூன்று, நான்குக்கு ஒன்று என்றால் இருபது, ஒன்பதுக்கு ஒன்று என்றால் பத்து. பலகையில் உள்ள எல்லாக் குதிரைகளின் சதவீதத்தையும் கூட்டிப் பாருங்கள், நூறைத் தாண்டும். தாண்டுவது எவ்வளவோ அது புக்கியின் சாப்பாடு. ஒரு குதிரைக்கு முப்பது சதவீத வாய்ப்பு என்று நான் இரவே எழுதியிருந்தால், பலகையில் இரண்டுக்கு ஒன்று என்று வரும்போது விட்டுவிடவேண்டும், நான்குக்கு ஒன்று என்று வரும்போது யோசிக்கலாம்.

யோசிக்கலாம் என்றுதான் சொன்னேன், ஏனென்றால் வரி இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பந்தயத்துக்கு 28 சதவீதம் என்று வைத்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். நூறு ரூபாய்ப் பந்தயத்துக்கு வரியை மேலே சேர்த்து 140 ரூபாய் கையைவிட்டுப் போகிறது என்று கணக்குப் போடுங்கள். இரண்டுக்கு ஒன்றில் ஜெயித்தால் திரும்பி வருவது 300. லாபம் 160. போட்டது 140. பலகையில் இரண்டுக்கு ஒன்று என்று எழுதியிருந்தாலும் நமக்குக் கிடைப்பது ஒன்றுக்கு ஒன்றைவிடச் சற்றே கூடுதல். கைநஷ்டம் இல்லாமலிருக்க அந்தக் குதிரைக்கு ஏறக்குறைய 47 சதவீத வாய்ப்பு வேண்டும். உலகம் முழுவதும் ஃபேவரிட் குதிரைகள் சுமார் மூன்றில் ஒரு பந்தயத்தில்தான் ஜெயிக்கின்றன. கூட்டத்தோடு சேர்ந்து ஃபேவரிட்டையே போட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. நான் சொன்ன நான்குக்கு ஒன்று குதிரைக்கும் 28 சதவீத வாய்ப்பு வேண்டும். என் முப்பதுக்கும் அதற்கும் இடையே உள்ள இரண்டு சதவீதம்தான் என் மொத்தப் புத்திசாலித்தனத்தின் மதிப்பு. அதற்கு மேல், பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட வெற்றித் தொகையில் 30 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொள்வார்கள். தோற்ற பணத்தை அதில் கழித்துக்காட்ட முடியாது.

1974-இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்ய ஒரு சட்டம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பானது. திறமை வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். திறமைசாலிக்குப் பணம் மிஞ்சும் என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. கிண்டியோ இப்போது வேறு கதை. 2024 செப்டம்பரில் அரசு அந்த ரேஸ் மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து நிலத்துக்குச் சீல் வைத்தது. பெரியவர் அதைப் பார்க்க இல்லை.

ஆகவே நான் பெரும்பாலான பந்தயங்களைக் காகிதத்திலேயே ஆடுகிறேன். படிப்பது, கணிப்பது, பார்ப்பது, குறிப்பது எல்லாம் உண்டு. ஜன்னல் பக்கம் போவது மட்டும் அபூர்வம். போகும் நாளில் சட்டைப் பையில் ஒரு சின்னத் தொகை, அது தீர்ந்தால் தீர்ந்தது. கார்டை வீட்டில் வைத்துவிட்டு வருவது நல்லது. கடன் வாங்கி ஆடுபவர்களையும், கடைசிப் பந்தயத்தில் விட்டதைப் பிடிக்க இரண்டு மடங்கு போடுபவர்களையும் அந்த அரங்கில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாருக்கும் கடைசிப் பந்தயத்தின் புத்தகப் பக்கத்தைப் படிக்கப் பொறுமை இருந்ததில்லை. அப்படி ஆகிவிட்டால் பிரச்சினை குதிரை சம்பந்தப்பட்டதல்ல. வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, உதவி கேட்டு, வெளியே வருவதுதான் வழி.

ஜாக்பாட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. தொடர்ந்து ஐந்து பந்தயங்களின் வெற்றியாளரைச் சொல்லவேண்டும். ஒவ்வொன்றிலும் உங்கள் குதிரைக்கு மூன்றில் ஒரு வாய்ப்பு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஐந்தும் வருவதற்கு 243-இல் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு குதிரைகளைச் சேர்த்தால் 32 டிக்கெட்டுக்குப் பணம் கட்டவேண்டும். தொட்டே ஆகவேண்டும் என்ற நச்சரிப்பு இருந்தால், முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் போதும் என்ற பிளேஸ் பந்தயம் மனத்துக்கு ஆறுதல். பணத்துக்கு அதுவும் பெரிய ஆறுதல் இல்லை.

டிப்ஸ் விற்பவர்கள் வாசலிலும் இருக்கிறார்கள், கைபேசியிலும் இருக்கிறார்கள். 'உறுதியான குதிரை' தெரிந்தவர் அதை இருநூறு ரூபாய்க்கு ஏன் விற்கவேண்டும் என்ற கேள்விக்கு இதுவரை ஒருவரும் எனக்குப் பதில் சொன்னதில்லை. நாளிதழ்களில் வரும் தேர்வுகளும் 'நாளின் சிறந்த குதிரை'யும் வேறு ரகம்; அவற்றை எழுதுகிறவர்கள் காலையில் பைனாகுலரோடு பயிற்சி பார்க்கிறவர்கள். அவற்றை நான் படிக்கிறேன், கூட்டத்தின் பணம் எங்கே போகும் என்று தெரிந்துகொள்ள. என் குதிரையும் அவர்கள் குதிரையும் ஒன்றாக இருந்தால் விலை போய்விட்டது என்று அந்தப் பந்தயத்தையும் விட்டுவிடுவேன்.

பந்தயம் முடிந்த இரவில் செய்யும் வேலைதான் அடுத்த மாதத்துக்கு உதவுகிறது. கிளப்புகள் பந்தயங்களின் வீடியோவையும், ஸ்டூவர்டுகளின், அதாவது பந்தயத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகளின், அறிக்கையையும் வெளியிடுகின்றன. ஜெயித்த குதிரையை நான் பார்ப்பதில்லை. அதைத்தான் எல்லோரும் பார்த்துவிட்டார்களே. மூன்று, நான்கு, ஐந்தாவதாக வந்தவற்றைப் பார்க்கிறேன். தாமதமாகக் கிளம்பியது, திருப்பத்தில் வெளியே தள்ளப்பட்டது, முன்னால் சுவர் போல நின்ற குதிரைகளால் ஓட வழியில்லாமல் போனது, லாடம் கழன்றது என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தால் அந்தப் பெயர் என் பட்டியலில் ஏறும். அது மறுபடி ஓடும்போது புத்தகத்தில் ஐந்தாவது என்ற எண் மட்டும் இருக்கும். ரேட்டிங்கும் ஒன்றிரண்டு புள்ளி இறங்கியிருக்கக்கூடும். வீடியோ பார்க்கும்போது, எதிரே நின்று நேராக எடுத்த காட்சி கிடைத்தால் அதை முதலில் போடுங்கள். பக்கவாட்டுக் காட்சியில் எல்லாக் குதிரையும் ஒரே வரிசையில் ஓடுவதுபோலத் தெரியும். யாருக்கு வழி அடைபட்டது, எந்த ஜாக்கி கடிவாளத்தை இழுத்துக் குதிரையை வேறு பக்கம் திருப்பவேண்டி வந்தது என்பது நேர்க்காட்சியில்தான் தெரியும்.